மூன்றாவது மடக்கு

அத்தியாயம் பதினான்கு

போன வாரம் சொட்டுவின் போனில் வந்து விழுந்த அந்த ஒற்றை வரியை வைத்துக்கொண்டு நீங்கள் ஆளுக்கொரு முடிவு கட்டியிருப்பீர்கள். கட்டாதவர்கள் யாரும் இந்தத் தொடரைப் படிப்பதில்லை என்பது எனக்குத் தெரியும். வரி இதுதான்: 'சனிக்கிழமை மூணு மணிக்கு வீட்டுக்கு வரேன். ஆறரை ரயில்ல திரும்பணும்.'

'வரேன்' என்பதற்குச் சந்தோஷப்படுவதா, 'திரும்பணும்' என்பதற்கு வருத்தப்படுவதா என்று புரியாமல் சொட்டு நாலு நாள் அந்தப் போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு திரிந்தான். பதிலுக்கு 'சரி' என்று அனுப்பினான். அதற்கு மேல் ஓர் எழுத்து செலவழிக்க அவனுக்கு மனசு வரவில்லை.

இன்று சனிக்கிழமை.

புதிதாக வந்து சேர்ந்தவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். சொட்டு என்பது பட்டப்பெயர். ஆள் ஒரு பெரிய ஹோட்டலின் பாரில் காக்டெய்ல் கலப்பவன். ரம்மோ பிராந்தியோ, பழச்சாறோ பாகோ, எதைக் கலந்தாலும் கடைசியில் இரண்டு சொட்டு பிட்டர்ஸ் விட்டால்தான் அது குடிக்கிற பதத்துக்கு வரும் என்பது அவன் கட்சி. வேரும் பட்டையும் பழத்தோலும் வாரக்கணக்கில் காட்டமான சாராயத்தில் ஊறி இறங்கிய கசப்புச் சாறுதான் பிட்டர்ஸ். அதை யாரும் கிளாஸில் ஊற்றிக் குடிப்பதில்லை, சொட்டுக் கணக்கில்தான் விடுவார்கள். அந்தச் சொட்டையே சதா பேசிக்கொண்டிருந்ததால் அவனுக்கு அந்தப் பெயர். வைத்தவள் அவன் அக்கா.

அக்கா அடுத்த தெருவில் மருந்துக்கடை வைத்திருக்கிறாள். தம்பி வீட்டின் மாடியில் தனியாக இருக்கிறாள். கல்யாணம் வேண்டாம் என்று முடிவு பண்ணி இருந்துவிட்டவள். அதில் அவளுக்கு ஒரு வருத்தமும் கிடையாது, வருத்தம் இருக்கிறதா என்று விசாரிக்க வருகிறவர்கள் மேல்தான் கோபம். சாப்பாடு மட்டும் கீழே தம்பியோடு. மூன்று தட்டு, மூன்று நாற்காலி, சாப்பிடும்போது ஓயாத சண்டை. அந்தச் சண்டைதான் அவளுக்குக் குடும்பம்.

மூன்றாவது நாற்காலி எட்டு மாதமாகக் காலி.

அது கண்ணாடிக்காரியுடையது. சொட்டுவின் மனைவி, அந்த ஒற்றை வரியை அனுப்பியவள். கண்ணைப் பரிசோதித்து, லென்ஸ் தேய்த்து, மூக்குக்கும் காதுக்கும் கண்ணாடி பொருத்துவது அவள் வேலை. அவளுடைய கம்பெனி வேறோர் ஊரில் புதிதாகக் கடை திறந்தது. ஆறு வாரம் போய் நடத்திக் கொடுத்துவிட்டு வா என்றார்கள். ஆறு வாரம் மூன்று மாதமாகி, மூன்று மாதம் எட்டாகி நிற்கிறது. இருவருக்கும் சண்டை என்று ஒன்றுமே இல்லை. இருந்திருந்தால் சமாதானம் பண்ணி வைத்திருக்கலாம்.

அவள் கிளம்பிய அன்று பிளாட்பாரத்தில் நடந்ததை நினைவிருக்கிறவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். ரயில் கிளம்ப ஐந்து நிமிஷம் இருக்கும்போது அவள் ஓர் ஆரஞ்சுப் பழத்தை உரித்துக்கொண்டே, "அப்ப நான் போகட்டுமா?" என்று கேட்டாள். போகாதே என்று சொல்ல வேண்டிய இடம் அது. பக்கத்தில் பெட்டி தூக்கி வந்த ஆளுக்குக்கூடத் தெரிந்திருக்கும். இவன், "உன் இஷ்டம்" என்றான். அவளுக்கு மரியாதை கொடுத்துச் சொன்னேன் என்று இன்றுவரை சாதிக்கிறான்.

காலை எட்டு மணிக்கு அக்கா காபிக்கு இறங்கி வந்தபோது சமையலறையில் கால் வைக்க இடமில்லை.

மேஜை முழுக்கச் சின்னச் சின்னக் கிளாஸ்கள். ஒவ்வொன்றின் அடியிலும் நம்பர் போட்ட துண்டுக் காகிதம். ஒரு பக்கம் ரம், ஒரு பக்கம் ஆரஞ்சுத்தோல் போட்டுக் காய்ச்சிய பாகு, ஒரு தட்டு நிறைய எலுமிச்சை. நடுவில் ஒன்பது பிட்டர்ஸ் பாட்டில்கள். எல்லாம் அக்கா கடையிலிருந்து வந்த சொட்டு மருந்து பாட்டில்கள்தான். ரப்பர் மூடி வைத்த, பழுப்பு நிறக் கண்ணாடி. அவள் கொடுக்கும்போதே ஒட்டியிருந்த 'வெளிப்பூச்சுக்கு மட்டும்' என்ற சீட்டை அவன் கிழிக்கவே இல்லை.

எட்டு மாதத்தில் ஒன்பது பாட்டில். அவள் போன முதல் மாதம் இரண்டு ஊறப் போட்டான், அதன்பிறகு மாதம் ஒன்று. ராத்திரி வேலை முடிந்து வந்து ஜாடியைக் குலுக்கி வைத்துவிட்டுப் படுப்பான். மற்ற ஆண்கள் இந்த நேரத்தில் மனைவிக்குப் போன் பண்ணுவார்கள். இவன் ஜாடியைக் குலுக்கினான்.

"எத்தனை மணிக்குடா எழுந்தே?"

"அஞ்சு."

"இது எத்தனாவது?"

"ஏழு." ஒரு ஸ்பூனில் எடுத்து நாக்கில் விட்டுக்கொண்டு கண்ணை மூடினான். "சரியா வரலை. இன்னும் கொஞ்சம் கசக்கணும்."

அக்காவுக்கு அவன் எதற்கு இந்தப் பாடு படுகிறான் என்று சொல்ல வேண்டியதில்லை. கல்யாண நாளுக்குக் கல்யாண நாள் அந்த வீட்டில் ஒரு வழக்கம். அவன் புதிதாக ஒரு காக்டெய்ல் பண்ண வேண்டும். என்ன கலந்தான் என்று சொல்லக்கூடாது. அவள் மூன்று மடக்குக் குடிப்பாள். மூன்றாவது மடக்கு உள்ளே போனதும் பெயர் வைப்பாள். அவனுக்குக் கலக்கத்தான் வரும், பெயர் வைக்க வராது. 'அடுத்த பஸ்', 'நனைந்த குடை', 'நாத்தனார் சிரிப்பு' என்று ஏழு வருஷத்தில் ஏழு பெயர். அதில் மூன்று ஹோட்டல் பட்டியலிலேயே ஏறிவிட்டன. 'நாத்தனார் சிரிப்பு' ஏகப்பட்ட புளிப்பு. அதற்கு அக்கா இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு கடைக்கு வருகிறவர்களிடமெல்லாம் தானே சொல்லிப் பெருமைப்பட்டாள்.

எட்டாவது கல்யாண நாள் போன மாதம் வந்தது, போயிற்று. கிளாஸும் இல்லை, பெயரும் இல்லை.

"இன்னிக்கு அதைக் குடுக்கப் போறேன்," என்றான். "முதல் மடக்கு கசக்கணும். ரெண்டாவதுல பழகணும். மூணாவதுல இன்னும் கொஞ்சம் வேணும்னு தோணணும். தோணிச்சுன்னா அவளுக்கே புரிஞ்சுடும்."

"என்ன புரியும்?"

"எல்லாம்."

"அந்த எல்லாத்தையும் வாயால சொன்னா ஆகாதா? வான்னு ஒரு வார்த்தை. அதுக்கு ஐஸ்கூட வேண்டாம்."

சொட்டு எட்டாவது கிளாஸை எடுத்தான். ஒன்பது பாட்டிலில் ஆறாவதைத் திறந்து மூக்கருகே கொண்டுபோனான். அவனுக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது அதுதான். மஞ்சள் நிறத்தில் ஒரு வேர், கசப்பென்றால் அப்படியொரு கசப்பு. அதோடு ஆரஞ்சுத்தோலும், கைநிறையக் கிராம்பும்.

அக்கா காபியைத் தானே போட்டுக் குடித்துவிட்டுக் கிளம்பினாள். கிளம்பும்போது திரும்பிப் பார்த்தாள். மனைவி வருகிறாள் என்று முகம் மழித்து, நல்ல சட்டை போட்டு, அதன் மேல் ஒரு பழைய துண்டைக் கட்டிக்கொண்டு சொட்டுச் சொட்டாக எண்ணிக்கொண்டிருந்தான். அவளுக்குச் சிரிப்பும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

உண்மையைச் சொல்கிறேன். கண்ணாடிக்காரி திரும்பி வர வேண்டும் என்று அவனைவிட அதிகமாக ஏங்கியவள் அக்காதான். அவள் போனதிலிருந்து அந்த மேஜையில் யாரும் சண்டை போடவில்லை. தம்பி தட்டைப் பார்த்துச் சாப்பிடுவான், இவள் சுவரைப் பார்த்துச் சாப்பிடுவாள். மூன்று பேர் என்றால் வீடு. இரண்டு பேர் என்றால் ஆஸ்பத்திரி காத்திருப்பு அறை. இன்றைக்கு அவள் மனசில் ஒரே ஒரு வேண்டுதல்தான் இருந்தது, மறுபடி மூன்று தட்டு வேண்டும்.

மத்தியானம் ஒன்றரை இருக்கும். மருந்துக்கடையில் கூட்டம் குறைந்திருந்தது. அக்கா ஒரு சீட்டில் டாக்டரின் கையெழுத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள்.

"தலைவலிக்கு ஏதாவது குடுங்க," என்று ஒரு குரல்.

அக்கா நிமிரவில்லை. "எத்தனை நாளா?"

"எட்டு மாசமா."

நிமிர்ந்தாள். தோளில் ஒரு பை, கொஞ்சம் இளைத்த முகம், முடியைக் குட்டையாக வெட்டியிருந்தாள். கண்ணாடிக்காரி.

அக்கா கவுண்டரின் பலகையைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்த வேகத்தில் இருமல் மருந்து பாட்டில் ஒன்று உருண்டு விழப் பார்த்தது. கட்டிக்கொண்டாள்.

"மூணு மணின்னு சொன்னே?"

"முன்னாடி ரயில் கிடைச்சுது. நேரா வீட்டுக்குப் போக தைரியம் வரலைக்கா." பேசிக்கொண்டே அக்காவின் முகத்திலிருந்து கண்ணாடியைக் கழற்றினாள். "இதென்ன, இப்படிச் சாய்ஞ்சு கிடக்கு? எத்தனை நாளா இதோட பார்க்கறீங்க?"

"நீ போனதிலேருந்துதான்."

கண்ணாடிக்காரி பையிலிருந்து ஊசி மாதிரி ஒரு திருப்புளியை எடுத்தாள். மூக்கில் உட்காரும் சின்னத் திண்டை விரலால் அமுக்கினாள், காதுக்குப் பின்னால் வளையும் கம்பியை உள்ளங்கைச் சூட்டில் வைத்து மெதுவாக வளைத்தாள். மறுபடி அக்கா முகத்தில் மாட்டிவிட்டு, இரண்டு காதுக்குப் பின்னாலும் விரலை விட்டுப் பார்த்தாள். அக்காவுக்கு எட்டு மாதம் கழித்து உலகம் நேராக நின்றது.

"அவர் ஏதாவது சொன்னாராக்கா?"

"எதைப் பத்தி?"

"என்னைப் பத்தி."

அக்கா வாயைத் திறந்தாள். காலை ஐந்து மணியிலிருந்து அவன் பண்ணுகிற கூத்தைச் சொல்லிவிடலாம் என்று நாக்கு துடித்தது. அது அவன் கொடுக்க வேண்டிய ஆச்சரியம் என்று அடக்கிக்கொண்டாள். நாத்தனார்களைப் பற்றி ஆயிரம் சொல்கிறீர்கள், இதையும் ஒரு பக்கம் குறித்து வைத்துக்கொள்ளுங்கள்.

"அவன் என்னிக்குப் பேசினான், இன்னிக்குப் பேச?"

கண்ணாடிக்காரி சிரிக்கவில்லை. "அங்க என்னை நிரந்தரமா இருக்கச் சொல்றாங்க. கடை முழுக்க என் பொறுப்பு. திங்கட்கிழமை பதில் சொல்லணும்."

"நீ என்ன சொல்லப் போறே?"

"அதைத் தெரிஞ்சுக்கத்தான் வந்தேன். அவர் ஒரே ஒரு தடவை வந்துடுன்னு சொன்னா எனக்குப் போதும். நானா கேட்டு வாங்கினா அது கணக்கில்லை. நீங்க அவர்கிட்ட இதைச் சொல்லக் கூடாது. சொல்ல மாட்டேன்னு சொல்லுங்க."

"சொல்ல மாட்டேன்."

"சத்தியமா?"

"கடைக்குள்ள நின்னுட்டு சொல்றேன், போதாதா?"

தலைவலி மாத்திரை ஒன்றை விழுங்கிவிட்டு அவள் அங்கேயே ஸ்டூலில் உட்கார்ந்தாள். சுற்றிச் சுற்றி ஒரே கேள்விதான். அவர் சரியாகச் சாப்பிடுகிறாரா, மெலிந்துவிட்டாரா, அந்தப் பச்சைச் சட்டையை இன்னும் போடுகிறாரா. இங்கே இவள் இப்படி உருகுகிறாள், அங்கே அவன் அப்படி உருகுகிறான். நடுவில் ஒரே ஒரு தெரு. அக்காவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கடையில் கூட இருக்கும் அம்மாளிடம் கல்லாவை ஒப்படைத்துவிட்டு, "நீ மெதுவா வா, நான் முன்னாடி போய் வீட்டை ஒழுங்கு பண்றேன்" என்று ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

வீட்டில் பதினெட்டாவது கிளாஸ் மேஜை நடுவே நின்றது. சொட்டு அதன் முன்னால் கைகட்டி உட்கார்ந்திருந்தான். முகத்தில் எட்டு மாதமாகக் காணாத ஒரு வெளிச்சம்.

"வந்துடுச்சுக்கா. இதுதான். இதேதான்."

அக்கா குடிப்பவள் இல்லை. ஆனால் மருந்துக்கடைக்காரிக்கு நாக்கு ஒரு தராசு மாதிரி. விரல் நுனியை நனைத்து நாக்கில் வைத்தாள்.

வைத்த அடுத்த நொடி கழுவும் தொட்டிக்கு ஓடினாள். துப்பினாள், வாயைக் கொப்பளித்தாள், மறுபடி துப்பினாள்.

"என்னடா இது? குடிக்கிற சாமானா, பல்வலி மருந்தா?"

"ஏன்? கசப்பு இப்பத்தான் லேசா தெரியற மாதிரி…"

"லேசாவா? இதுல எத்தனை சொட்டு விட்டிருக்கே?"

சொட்டு காகிதத்தைப் பார்த்தான். ஏழாவது கிளாஸில் மூன்று. பத்தாவதில் ஆறு. பதினெட்டாவதில் இருபத்தாறு.

அக்கா ஆறாம் நம்பர் பாட்டிலை எடுத்து மோந்தாள். கிராம்பு குப்பென்று ஏறியது. எல்லாம் விளங்கிவிட்டது.

"கிராம்பை சாராயத்துல ஊறப் போட்டா என்ன ஆகும்? சத்தெல்லாம் இறங்கும். பல்லு வலிக்குதுன்னு வரவங்களுக்கு நான் எதைப் பஞ்சுல நனைச்சு வைக்கச் சொல்றேன்? இதைத்தான். வலி தெரியாம மரத்துப் போறதுக்கு! விடியற்காலை அஞ்சு மணிலேருந்து ஸ்பூன் ஸ்பூனா நாக்குல விட்டுட்டு இருக்கே."

அவன் நம்பவில்லை. அக்கா கைப்பையிலிருந்து ஒரு காய்ச்சல் மாத்திரையை எடுத்து, இரண்டு ஸ்பூனுக்கு நடுவில் வைத்து நசுக்கி, பொடியை அவன் நாக்கில் தடவினாள். கசப்பு தாங்காமல் சின்னக் குழந்தைகள் அலறி ஊரைக் கூட்டுகிற மாத்திரை அது.

சொட்டு சப்புக்கொட்டினான். யோசித்தான்.

"மாவு மாதிரி இருக்கு," என்றான்.

அவ்வளவுதான். அவனுக்கும் புரிந்துவிட்டது. நாக்கு மரத்ததால் கசப்பு தெரியவில்லை. கசப்பு தெரியவில்லை என்று இன்னும் விட்டான். விட்டதில் இன்னும் மரத்தது. பதினைந்து வருஷம் பாரில் நின்றவன், தினம் முந்நூறு பேருக்குக் கலந்து கொடுத்தவன், தன் வீட்டுச் சமையலறையில் இந்தக் கூத்தைப் பண்ணியிருக்கிறான். வேலையிடத்தில் என்றால் ஒவ்வொரு கலவைக்கும் நடுவில் தண்ணீரும் ரொட்டியும் எடுத்துக்கொள்வான், இரண்டு பேருக்குக் கொடுத்துக் கேட்பான். இன்றைக்கு அவனுக்கு அவசரம். எட்டு மாதத்து அவசரம்.

"எந்தக் கிளாஸ் வரைக்கும் என் நாக்கு சரியா இருந்துதுன்னே தெரியலைக்கா." குரல் உடைந்தது. "எல்லாத்தையும் கொட்டணும். அவளுக்குக் குடுக்க என்கிட்ட ஒண்ணும் இல்லை."

"ஏன் இல்லை? வாய் இருக்குல்ல?" என்று கத்திவிட்டாள் அக்கா. சத்தியம் நினைவுக்கு வந்தது. அதற்கு மேல் ஒரு வார்த்தை விட்டால் எல்லாம் வெளியே வந்துவிடும். உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

வாசல் மணி அடித்தது.

அக்கா பின்பக்கக் கதவு வழியாக மாடிப்படிக்குப் போனாள். மேலே போகத்தான் போனாள். ஆனால் நாலாவது படியில் சமையலறை ஜன்னல் திறந்திருந்தது. கால் அங்கேயே நின்றுவிட்டது. ஒட்டுக் கேட்பது தப்புதான். நீங்கள் இப்போது பண்ணுவதும் அதுதானே?

"வா," என்றான் சொட்டு.

"வந்துட்டேன்," என்றாள் அவள்.

"சாப்பிட்டியா?"

"ம். நீங்க?"

"ம்."

எட்டு மாதம் கழித்துச் சந்தித்த புருஷனும் பெண்டாட்டியும் பேசிய பேச்சு இவ்வளவு. படியில் அக்கா தலையில் அடித்துக்கொண்டாள்.

கண்ணாடிக்காரி மேஜையைப் பார்த்தாள். பதினெட்டுக் கிளாஸையும் காகித நம்பர்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். எதற்கு என்று கேட்கவில்லை. கேட்காமலே நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள். அவளுடைய நாற்காலி.

"எது?"

"வேண்டாம். கெட்டுப்போச்சு. காலைலேருந்து ருசி பார்த்துப் பார்த்து என் நாக்கு போயிடுச்சு. வேற ஏதாவது…"

"எதுன்னு கேட்டேன்."

அவன் பதினெட்டாவதைக் காட்டினான். அவள் எடுத்தாள். முதல் மடக்கு. அவள் முகம் எங்கெங்கோ போய்விட்டு வந்தது. கண்ணில் தண்ணீர் முட்டியது. விழுங்கிவிட்டாள். இரண்டாவது மடக்கையும் எடுத்தாள். அதையும் விழுங்கினாள். பிறகு கிளாஸை வைத்துவிட்டு விரலால் உதட்டைத் தொட்டுப் பார்த்தாள்.

"என் உதடு எங்கேங்க?"

அவன் அவளைப் பார்த்தான். அவள் உதட்டைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தாள். "நிஜமா சொல்றேன், காணோம். இருக்கா பாருங்க."

முதலில் சிரித்தது அவன்தான். பிறகு அவள். மேஜையில் தலையை வைத்துக்கொண்டு சிரித்தாள், மூச்சு வாங்கச் சிரித்தாள், இருபத்தாறு சொட்டு என்று அவன் சொன்னதும் மறுபடி ஆரம்பித்தாள். படியில் அக்காவும் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கினாள். அந்தச் சமையலறையில் எட்டு மாதம் கழித்துச் சத்தம் கேட்டது.

சிரிப்பு அடங்கிய பிறகு இரண்டு பேருக்கும் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

"அங்க என்னை இருந்துடச் சொல்றாங்க," என்றாள் அவள் மெதுவாக. "இருந்துடட்டுமா?"

படியில் அக்கா மூச்சை நிறுத்தினாள்.

சொட்டுவின் வாயில் அந்தப் பழைய பதில் வந்து நின்றதை நான் மறைக்க மாட்டேன். வந்து நின்றது. அவன் அவளுடைய குட்டை முடியைப் பார்த்தான். அதை யார் வெட்டினார்கள், எந்தக் கடையில், என்றைக்கு என்று தனக்குத் தெரியாது என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

"வேண்டாம்," என்றான். "வந்துடு. நீ இல்லாம என்னால முடியலை. ராத்திரி வேலை முடிஞ்சு வந்தா கதவைத் திறக்கவே பிடிக்கலை. அன்னிக்கே போகாதேன்னு சொல்லியிருக்கணும், சொல்லலை. சொல்லத் தெரியலை. இப்ப சொல்றேன். வீட்டுக்கு வந்துடு."

அவள் அழுதாள். சத்தமில்லாமல், துடைக்காமல் அழுதாள். அக்காவும் படியில் அழுதாள். சொல்லிவிட்டான், கடைசியில் சொல்லியேவிட்டான். மூன்று தட்டு, மூன்று நாற்காலி. ராத்திரிக்கு என்ன சமைப்பது என்றுகூட அவள் மனசு ஓடிவிட்டது.

"இதைக் கேக்கணும்னுதான் வந்தேன்," என்றாள் கண்ணாடிக்காரி. "நீங்க இப்படிச் சொன்னா அடுத்த ரயில்ல மூட்டை கட்டிட்டு வந்துடுவேன்னு நினைச்சேன். வழியெல்லாம் அதையே நினைச்சுட்டு வந்தேன். இப்ப சொல்லிட்டீங்க. ரொம்ப சந்தோஷமா இருக்கு. ஆனா…"

"ஆனா?"

"வரேன்னு சொல்ல வாய் வரலைங்க. அங்க எனக்குன்னு ஒரு மேஜை இருக்கு. ஜன்னல் பக்கத்துல. போன வாரம் ஒரு பொண்ணுக்கு முதல் முதலா கண்ணாடி போட்டுவிட்டேன். வெளில எட்டிப் பார்த்துட்டு, மரத்துக்கு இவ்வளவு இலையான்னு கேட்டா. அதை யார்கிட்டயாவது சொல்லணும்னு இருந்துது. உங்ககிட்டதான் சொல்லணும்னு இருந்துது. அதை விட்டுட்டு வரவும் மனசில்லை, நீங்க இல்லாம இருக்கவும் முடியலை."



அவள் கிளாஸைத் தள்ளி வைத்தாள். "இதுக்குப் பேர் வைக்க மாட்டேன். மூணாவது மடக்கு குடிச்சா நான் செத்துடுவேன். மறுபடி பண்ணுங்க. நாக்கு சரியான பிறகு. அங்க வந்து பண்ணுங்க. நானும் ஒரு தடவைகூட உங்களை வாங்கன்னு கூப்பிட்டதில்லை. இப்ப கூப்பிடறேன். வர்றீங்களா?"

இப்படி ஒரு கேள்வி இருக்கிறது என்பதே எட்டு மாதமாக அவனுக்குத் தோன்றவில்லை. தோன்றியதும் அவன் முகம் மலர்ந்ததை ஜன்னல் வழியாக அக்கா பார்த்தாள். மலர்ந்த முகம் அப்படியே மேலே திரும்பி, மாடியைப் பார்த்ததையும் பார்த்தாள்.

"அக்கா?" என்றான். கூப்பிடவில்லை. அவளை என்ன செய்வது என்று கேட்டான்.

கண்ணாடிக்காரி தலையைக் குனிந்துகொண்டாள்.

படியில் நிற்பவள் இனி நிற்க முடியாது. அக்கா முகத்தைத் துடைத்துக்கொண்டாள், காலையில் சாய்ந்து கிடந்து இப்போது நேராகிவிட்ட கண்ணாடியை மாட்டிக்கொண்டாள், பின்பக்கக் கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தாள்.

"என்னை எதுக்குடா நடுவுல இழுக்கறே? நான் என்ன கைக்குழந்தையா? பாலும் சோறும் நீ ஊட்டியா இத்தனை வருஷம் வளர்ந்தேன்?"

"அக்கா, நான் இன்னும் ஒண்ணும்…"

"என்கிட்ட ரெண்டு பெட்டி இருக்கு. பெருசு வேணுமா, சின்னதா?"

கடையில் மாத்திரை பத்தா, இருபதா என்று கேட்கிற அதே குரல். கண்ணாடிக்காரி எழுந்து அவள் கையைப் பிடித்தாள். அக்கா கையை மெதுவாக விடுவித்துக்கொண்டாள்.

"ஆறரை ரயிலுக்கு இன்னும் நேரமிருக்கு. பேசிட்டு இருங்க. நான் பெருசையே எடுத்துட்டு வரேன்."

மாடிக்கு வந்தாள். ஸ்டூலைப் போட்டு ஏறிப் பரணிலிருந்து பெட்டியை இழுத்து இறக்கினாள். தூசியைத் தட்டினாள். திறந்து பார்த்தாள், ஒன்றுமில்லை. மூடினாள்.

கீழே இருவரும் தணிந்த குரலில் பேசுவது கேட்டது. அவன் என்ன பதில் சொல்கிறான் என்று காதைத் தீட்டினாள். வார்த்தை பிடிபடவில்லை.

பெட்டியின் கைப்பிடியைப் பற்றி எழுந்தாள். அதற்குள் ஒரு கைக்குட்டைகூடக் கிடையாது. ஆனாலும் அவளால் தூக்க முடியவில்லை.